வாடகை வீட்டுத் தீர்மானம்: எது பொதுமைப்படுத்தல், எது தப்பெண்ணம், எது இனவாதம்?

கேள்வி: மலர், கோவை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கத்தில் நான் செயற்குழு உறுப்பினர். சென்ற மாதக் கூட்டத்தில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எங்கள் குடியிருப்பில் இரண்டு வீடுகள் காலியாக இருந்தன. ஒன்றை ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பவுண்டரித் தொழிலாளி, மனைவி குழந்தையோடு தங்குவதற்காகக் கேட்டார். மற்றொன்றை, அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் மணிப்பூரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் கேட்டார்கள். வீட்டு உரிமையாளர்கள் இருவருக்கும் சம்மதம்தான். ஆனால் கூட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. "அந்த ஊர்க்காரர்கள் ஒரு வீட்டை எடுத்துப் பத்துப் பேர் தங்குவார்கள்" என்றார் ஒருவர். "நல்லவர்களாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் எனக்கு அவர்களோடு லிப்டில் போகப் பிடிக்கவில்லை" என்று இன்னொருவர் வெளிப்படையாகவே சொன்னார். மணிப்பூர்ப் பெண்களைப் பற்றி ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்களுடைய முகத்தையும் அவர்கள் செய்யும் வேலையையும் சேர்த்து அவர் ஒரு முடிவு சொன்னார்.

கடைசியில், வெளிமாநிலத்தவர் குடிவருவதானால் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் வழக்கத்தைவிட இருமடங்கு அட்வான்சும் தரவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டும் தேவையில்லை. இது இனவாதம் என்று நான் சொன்னதும் பலருக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் கறுப்பின மக்களுக்குச் செய்ததுதான் இனவாதம் என்றும், இங்கே எல்லாரும் இந்தியர்கள் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றும், இது வெறும் முன்னெச்சரிக்கை என்றும் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் இவற்றுக்கிடையிலான வேறுபாட்டை நான் விளக்கியாக வேண்டும். எதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, தாராபுரம்

அன்புள்ள மலர் அவர்களுக்கு,

உங்கள் கூட்டத்தில் நான்கு வேறு வேறு செயல்கள் நடந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்ததால்தான் எதிரில் இருந்தவர்கள் எளிதாக மறுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"பத்துப் பேர் தங்குவார்கள்" என்பது பொதுமைப்படுத்தல். அதில் ஓர் உண்மைத் துணுக்கும் இருக்கலாம். பல இடங்களில் கான்ட்ராக்டர்கள் தொழிலாளர்களை ஓர் அறைக்குப் பத்துப் பேராக அடைத்து வைப்பதை அவர் கண்டிருப்பார். ஆனால் அது கான்ட்ராக்டர் செய்த ஏற்பாடு, கூலியின் அளவு, ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய கட்டாயம் ஆகியவற்றின் விளைவு. சூழ்நிலை உண்டாக்கிய ஒன்றை அந்த மனிதர்களின் பிறவிக் குணமாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் பொதுமைப்படுத்தல் தொடங்குகிறது. மனைவி, குழந்தையோடு வீடு கேட்டு வந்தவர் கண்முன்னே நிற்கும்போதும் அந்தப் பத்துப் பேர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால், எதிரே நிற்கும் மனிதரை அவர் பார்க்கவே இல்லை என்று பொருள்.

பொதுமைப்படுத்தல் எப்போதும் இழிவாகத்தான் இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். "வடமாநிலத்துப் பையன்கள் கடுமையாக உழைப்பார்கள், லீவே கேட்கமாட்டார்கள்" என்று நம் பகுதியில் அடிக்கடி கேட்கிறோம். கேட்பதற்குப் பாராட்டுப் போல இருக்கும் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் அவர்களிடம் பன்னிரண்டு மணி நேர வேலை வாங்குகிறார்கள். உடம்பு முடியாமல் ஒருவர் விடுப்புக் கேட்டால், அவர் தன் இயல்புக்கு மாறாக நடப்பதுபோல் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார். வடகிழக்கிலிருந்து வந்த பட்டதாரி இளைஞரைப் பார்த்து, நேபாளி என்று நினைத்து, நம்பகமான காவலாளி வேலை இருக்கிறது என்று சொல்பவரும் அவருக்கு நல்லது செய்வதாகத்தான் எண்ணுகிறார்.

லிப்டில் போகப் பிடிக்கவில்லை என்றவர் வேறு வகை. அவர் எந்தச் செய்தியையும் நம்பி ஏமாறவில்லை. "நல்லவர்களாகவே இருக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். அவரிடம் இருப்பது தப்பெண்ணம். அது அறிவைவிட உணர்ச்சியோடு ஒட்டியது. தகவல் சொல்லி முதலாமவரைத் திருத்தலாம். இவரிடம் ஒரு காரணத்தை மறுத்தால் அடுத்த காரணத்துக்குத் தாவுவார். சுத்தம் என்பார், சத்தம் என்பார், சமையல் வாசனை என்பார். எல்லாவற்றையும் மறுத்த பிறகும் பிடிக்கவில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கும்.

1954-ஆம் ஆண்டில் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், வெவ்வேறு குழுவினர் ஒன்றாகப் பழகினால் தப்பெண்ணம் குறையும், ஆனால் எல்லாப் பழக்கத்துக்கும் அந்த ஆற்றல் கிடையாது என்று விளக்கினார். சமமான நிலையில் பழகவேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் இருக்கவேண்டும், அதற்காக ஒத்துழைக்கவேண்டும், மேலே உள்ள அமைப்பின் ஆதரவும் வேண்டும். பல ஆண்டுகளாக அடுத்தடுத்த எந்திரத்தில் வேலை பார்த்தும் மேற்பார்வையாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே எண்ணம் மாறாமல் இருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரே மாடியில் சம வாடகை கொடுத்துக் குடியிருப்பது அதைவிடப் பயன் தரும் பழக்கம். உங்கள் தீர்மானமோ அந்தச் சமநிலையை வாசலிலேயே உடைத்துவிடுகிறது.

மணிப்பூர்ப் பெண்களைப் பற்றிய பேச்சில் பொதுமைப்படுத்தலும் இழிவும் முகத்தோற்றத்தோடு பிணைந்திருக்கின்றன. அதை இனவாதம் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை. இறுதியாக, தீர்மானம் என்பது இவை எல்லாவற்றையும் விதியாக்கிய செயல். இனி அந்தச் சங்கத்தில் ஒருவர் மனத்தில்கூட வெறுப்பு இல்லாமல் போனாலும், இருமடங்கு அட்வான்ஸ் தொடர்ந்து வசூலாகும்.

பதில் 2: சிறுதொழில் நடத்துபவர், பீளமேடு

ஆசிரியை அம்மா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. உள்ளூர்த் தொழிலாளி ஒருவர், "குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவந்து எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று சொன்னால் உடனே அதையும் தப்பெண்ணக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லாமல், கான்ட்ராக்டர் மூலமாகக் கணக்கில் வராத கூலிக்கு ஆள் வைத்தால், முறையாக ஊதியம் பெறுபவரின் பேரம் பேசும் வலிமை குறையத்தான் செய்யும். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் உரிமம் பெறவேண்டும், ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலியைத் தரவேண்டும், ஊர் போய்வரப் பயணப்படி தரவேண்டும் என்றெல்லாம் சொன்னது. அதை எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். கோபம் முதலாளியின் மேலும் கான்ட்ராக்டரின் மேலும் போகவேண்டியது. அது திசைமாறி, வந்தவரின் மொழிமேலும் உணவுமேலும் விழும்போதுதான் தப்பெண்ணமாகிறது. ஆகவே குறை சொல்பவர் எல்லாரையும் இனவாதி என்று அழைத்தால், நியாயமான குறையும் பேசப்படாமலே போய்விடும்.

இன்னொன்று. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளை எடுத்து இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது; வதந்தி பரப்பியவர்கள்மீது நம் காவல்துறை வழக்குப் பதிந்தது. ஆனால் அதற்குள் எங்கள் பட்டறையில் இருந்தவர்களுக்கு வீட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்துகொண்டிருந்தது. "தமிழர்கள் எல்லாரும் எங்களை வெறுப்பவர்கள்" என்று அங்கே இருந்தவர்கள் நம்பியதும் ஒரு பொதுமைப்படுத்தல்தான். நம்மைப் பற்றி அப்படி நம்பியபோது நமக்கு எவ்வளவு வலித்தது என்பதை உங்கள் கூட்டத்தில் நினைவூட்டலாம்.

பதில் 3: உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

"முன்னெச்சரிக்கை", "நன்னடத்தைச் சான்று" என்ற இரண்டு சொற்களைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு இந்தச் சொற்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும்.

ஆங்கிலேய அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. சில சமூகங்கள் பிறப்பிலேயே குற்றம் செய்பவை என்ற எண்ணத்தின்மேல் எழுந்த சட்டம் அது. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊர்களில் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஒருவர் திருடினாரா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த சமூகத்தில் பிறந்த ஆண் என்றால் கைரேகை பதியவேண்டும், ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும், இரவு நேரங்களில் காவலர் கண்காணிப்பில் இருக்கவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று எங்கள் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துக் கூடிய மக்கள்மீது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952-இல் நீங்கியது.

மலர் அவர்கள் கேட்ட வேறுபாடு இந்த வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. "அந்தச் சாதிக்காரர்கள் திருடர்கள்" என்று ஒரு துரை எண்ணியவரை அது பொதுமைப்படுத்தல். அவர்களைக் கண்டாலே அவருக்கு அருவருப்பும் அச்சமும் எழுந்தபோது அது தப்பெண்ணம். அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றி, காவல் நிலையத்தில் பதிவேடு வைத்து, தலைமுறைகளைக் கட்டிப்போட்டபோது, அது தனிமனிதர் எவருடைய மனத்தையும் சாராத ஓர் இயந்திரமாக மாறியது. அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய ஏட்டையா பல நேரங்களில் நம்மூர்க்காரராகத்தான் இருந்திருப்பார். அவருக்கு எங்கள் தாத்தாக்கள்மீது தனிப்பட்ட பகை எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. தவிரவும், வெள்ளையர் கறுப்பருக்குச் செய்ததுதான் இனவாதம் என்று உங்கள் சங்கத்தினர் சொல்வதற்கும் இதில் பதில் உண்டு. பிறப்பைக் கொண்டு ஒரு மனிதனின் குணத்தைத் தீர்மானிப்பதற்குத் தோலின் நிறம் கட்டாயமில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். அந்தச் சட்டத்துக்கு எதிராக எங்கள் மக்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர், கேரளத்திலிருந்து மதுரைக்கு வந்து வழக்கறிஞராகத் தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப். எங்கள் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். வெளியூர்க்காரர், வேற்று மொழிக்காரர், வேற்று மதத்தவர். அவருக்கு அன்று மதுரையில் வீடு தரமாட்டோம் என்று யாராவது தீர்மானம் போட்டிருந்தால் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பதில் 4: சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

உசிலம்பட்டி நண்பர் எழுதிய இயந்திரம் என்ற கருத்தை ஒட்டி, நான் வாழும் ஊரிலிருந்து ஒன்று சொல்கிறேன். இங்கே அறை வாடகைக்குத் தேடிய தமிழர் பலருக்கும், இந்தியர்களுக்கு இல்லை என்று எழுதிய விளம்பரத்தைப் பார்த்த அனுபவம் இருக்கும். முகவரிடம் தொலைபேசியில் பேசி எல்லாம் முடிவான பிறகு, பெயரைச் சொன்னதும் வீடு திடீரென்று வேறொருவருக்குப் போய்விட்டதாகப் பதில் வரும். சமையல் வாசனையைக் காரணம் சொல்வார்கள். இது பொதுமைப்படுத்தலும் தப்பெண்ணமும் கலந்த தனியார் மறுப்பு. ஆளைக் காட்டி, இவர் மறுத்தார் என்று சொல்லிவிடலாம்.

ஆள் காட்ட முடியாத இன்னொரு வகையும் இங்கே உண்டு. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் குடியிருப்புகளில் ஓரினத்தவர் மட்டும் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காக 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. 1964-இல் இனக்கலவரத்தைக் கண்ட நாடு என்பதால், அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன்; என் பிள்ளைகள் மூன்று இனத்துப் பிள்ளைகளோடும் மின்தூக்கியிலும் விளையாட்டுத் திடலிலும் வளர்ந்ததற்கு அந்தக் கொள்கையும் ஒரு காரணம். ஆனால் ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே உள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் வாங்க முடியாதபோது விலை குறைகிறது, விற்கவும் நாளாகிறது. இந்தச் சுமை சிறுபான்மையினர்மேலேயே கூடுதலாக விழுவதை அரசே ஒப்புக்கொண்டு, அப்படிச் சிக்கிக்கொண்டவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022-இல் தொடங்கியது.

இந்தக் கொள்கையில் யாருக்கும் யார்மீதும் வெறுப்பு இல்லை. ஆகவே இதை இனவாதம் என்று நான் சொல்லமாட்டேன், சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நோக்கம் நல்லது என்பதாலேயே விளைவும் சமமாக இருந்துவிடாது என்பதற்கு இது எனக்குத் தெரிந்த தெளிவான எடுத்துக்காட்டு. மலர், உங்கள் சங்கத்தினர் "எங்களுக்கு வெறுப்பு இல்லை" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும், அந்த விதியால் கூடுதலாகப் பணம் கட்டுபவர் யார் என்ற கேள்வி நிற்கத்தான் செய்யும். வேறுபாட்டைச் சுட்ட அதைத்தான் கேட்கவேண்டும் என்பேன்.

பதில் 5: வழக்கறிஞர், மதுரை

முந்தைய பதில்களில் கருத்து நன்றாக விளங்கிவிட்டது. சட்டம் எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் கூட்டத்தில் மிகைப்படுத்திப் பேசினால் உங்கள் பக்கம் வலுவிழக்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பிறப்பிடம் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையை 19-ஆவது பிரிவு தருகிறது. ஆனால் 15-இன் முதன்மையான தடை அரசின்மீதுதான். கடை, உணவகம், கிணறு போன்ற பொது இடங்களுக்கு அது விரிகிறதே தவிர, தனியார் வீட்டு வாடகையை நேரடியாகக் குறிப்பிடவில்லை. 2005-இல் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், உறுப்பினராவதைத் தம் சமூகத்தினருக்கு மட்டும் என்று வரையறுத்த விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, உங்கள் தீர்மானம் அரசமைப்புக்கு விரோதமானது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

ஆயினும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. இந்தியா 1968-இல் ஏற்புறுதி அளித்த, இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை, இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றையும் இனப்பாகுபாட்டின் வரையறைக்குள் கொண்டுவருகிறது. வம்சாவளி என்பது சாதியையும் உள்ளடக்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002-இல் விளக்கியது. நம் அரசு அதை ஏற்பதில்லை. எப்படியிருந்தாலும், இனவாதம் வெள்ளையர் கறுப்பர் விவகாரம் மட்டும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியா டெல்லியில் தோற்றத்தைக் கேலி செய்ததில் எழுந்த தகராறில் தாக்கப்பட்டு இறந்தபோது, மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. வடகிழக்கு மக்கள் இந்நாட்டுக்குள்ளேயே இன அடிப்படையில் இழிவுபடுத்தப்படுகிறார்கள் என்பதை ஏற்று, அதற்கென்று தனிக் குற்றப் பிரிவுகள் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. "இங்கே எல்லாரும் இந்தியர்கள்" என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

அட்வான்ஸ் விஷயம் இன்னும் எளிது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக இல்லாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அது உரிமையாளருக்கும் குடிவருபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். உரிமையாளர் கேட்காத தொகையைக் குடிவருபவரிடம் விதிக்க நலச்சங்கத்துக்கு என்ன அதிகாரம் என்று கேளுங்கள். சங்கத்தின் துணைவிதிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுப்பதில் தவறில்லை. எல்லாரும் கொடுத்தால் அது முன்னெச்சரிக்கை.

மலர், கோவை

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தில் யாரையும் இனவாதி என்று அழைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்; பீளமேட்டு ஐயா சொன்னது எனக்குச் சரியென்று படுகிறது. பத்துப் பேர் தங்குவார்கள் என்று சொன்னவரைத் தனியாகச் சந்தித்து, அந்த ஒடிசாக் குடும்பத்தை அறிமுகம் செய்து வைக்கலாம் என்றிருக்கிறேன். அவர் கேட்டுக்கொள்ளக் கூடியவர். லிப்டைப் பற்றிச் சொன்னவரிடம் வாதாடப் போவதில்லை. ஆனால் மணிப்பூர்ப் பெண்களைப் பற்றிய பேச்சு அப்படி விடக்கூடியது அன்று; அந்தச் சொற்களை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று கூட்டத்திலேயே கேட்பேன்.

தீர்மானத்துக்குத் திருத்தம் எழுதியிருக்கிறேன்: "வெளிமாநிலத்தவர்" என்று இருக்கும் இடத்தில் "புதிதாகக் குடிவரும் அனைவரும்" என்று போட்டு, நன்னடத்தைச் சான்றுக்குப் பதிலாக அடையாள ஆவண நகல் என்று மாற்றி, அட்வான்ஸ் பற்றிய வரியை அடியோடு நீக்கியிருக்கிறேன். வழக்கறிஞர் ஐயா, இத்திருத்தத்தை முன்மொழியச் செயற்குழுவில் எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்பதைத் துணைவிதியில் எந்தத் தலைப்பின்கீழ் பார்க்கவேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வழக்கறிஞர், மதுரை

பொதுக்குழுக் கூட்டம், தீர்மானங்களை முன்மொழிதல் என்ற தலைப்புகளில் பாருங்கள் அம்மா. திருத்தத்தை எழுத்து வடிவில் முன்கூட்டியே செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள் இருவரையும் அன்று கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள்.